நாய் போகலாம் என்று எழுதியிருந்த பூங்கா

அமலாவுக்கு நாய் என்றாலே தொப்புளைச் சுற்றிக் கூசும். ஏழு வயதில் ஒரகடம் கூட்டுரோட்டில் ஒரு நாய் அவள் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அப்பா மண்ணாங்கட்டி தினமும் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்துச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். பதினாலு நாள், வயிற்றில் பதினாலு ஊசி. அன்றிலிருந்து வழியில் நாய் குறுக்கே படுத்திருந்தால் அவள் வேறு வழியாகச் சுற்றிப் போவாள். ராஜாமணியைக் கட்டிக்கொண்டு, ஜாஸ்மினைப் பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

வல்லம் வடகாலுக்குப் போகும் வழியில் ஏரிக்கு அந்தப் பக்கம் ஊர், இந்தப் பக்கம் காலனி. காலனியில் பாதிப் பேர் வேதக்காரர்கள். மண்ணாங்கட்டியும் ஞானஸ்நானம் வாங்கி மத்தேயு ஆனவர்தான். அந்தப் பெயரைச் சாமியார் மட்டும்தான் கூப்பிட்டார். அவருக்கு முன்னால் பிறந்த மூன்று குழந்தைகளும் தங்காமல் போனதால் வைத்த பழைய பெயரே கடைசிவரை ஒட்டிக்கொண்டது. அவருடைய வாலிபத்தில், ஊரில் மாடு செத்தால் தூக்க வரச்சொல்லிக் காலனிக்கு ஆள் வரும். ஒருநாள் வந்த ஆளிடம், "இனிமே எங்க வூட்லேர்ந்து யாரும் வரமாட்டாங்கன்னு போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கல்குவாரிக்கு வேலைக்குப் போய்விட்டார். ஆறு மாதம் ஊர்க் கடையில் அவருக்கு உப்புகூடக் கொடுக்கவில்லை. அவர் அசையவில்லை.

எண்பத்தெட்டில் மறைமலை நகர்க் கம்பெனி ஒன்றில் பிரஸ் மிஷினில் ராஜாமணிக்கு இரண்டு விரல் போனது. வேலையும் போனது. யாரோ ஒரு ஏஜென்ட், சவூதியில் வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை இருக்கிறது என்றான். அமலாவுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. எட்டாவது வரை படித்தவள், இங்கிலீஷ் எழுத்துக் கூட்டி வாசிப்பாள்.

"போய்ட்டு வா. ஜாஸ்மினை எங்கக்கா பாத்துக்கும்" என்றான் ராஜாமணி, கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டே.

மண்ணாங்கட்டி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "சமையல் செய், துணி தோய், புள்ளைய பாத்துக்கோ. ஆனா அசிங்கம் வார்ற வேலை குட்த்தா வந்துரு. அத்த நான் வுட்டு முப்பது வருசம் ஆவுது."

"சரி நைனா" என்றுவிட்டுத்தான் அமலா விமானம் ஏறினாள்.

சவூதியின் கிழக்குக் கரையில், எண்ணெய்க் கம்பெனிக்காரர்கள் குடியிருக்கும் ஒரு வளாகம். சுற்றிலும் மணல், நடுவில் உயரமான வேலி, வேலிக்குள் பச்சைப் புல். வீட்டுக்காரர் கிராண்ட், ஸ்காட்லாந்து இன்ஜினியர். அவர் மனைவி ஹெலன். இரண்டு பையன்கள், இருவருமே பள்ளிக்கூடம் போகிற வயது. பார்த்துக்கொள்ளும்படியான குழந்தை யாரும் இல்லை என்பது முதல் நாளே அமலாவுக்கு இடித்தது. மூன்றாவதாக ஒருவன் கூடத்தில் கம்பளத்தின்மேல் படுத்திருந்தான். கன்றுக்குட்டி உயரம், செங்கல் நிறம், தொங்கும் காது. பெயர் ரஸ்டி.

ஹெலன் ஒரு தோல் வாரை அமலாவின் கையில் கொடுத்தாள். மற்றொரு கையில் இரண்டு பிளாஸ்டிக் பைகள். காலையும் மாலையும் ரஸ்டியைப் பூங்காவுக்குக் கூட்டிப்போக வேண்டும். இது அவனுக்காகவே உள்ள பூங்கா என்றாள். பை எதற்கு என்று அமலா கேட்டாள். ஹெலன் சிரித்துக்கொண்டே குனிந்து, பையைக் கையில் மாட்டிக்கொண்டு, தரையிலிருந்து எதையோ அள்ளிப் பையைத் திருப்பிக் கட்டுகிற மாதிரி நடித்துக் காட்டினாள். நடிப்பு புரிந்ததும் அமலாவுக்குக் காது அடைத்தது.

வந்துவிடு என்றுதானே அப்பா சொன்னார்? வருவது எப்படி? பாஸ்போர்ட் கம்பெனி ஆபீசில் இருந்தது. ராஜாமணியின் கை இன்னும் ஆறவில்லை. அவள் பையை மாட்டிக்கொண்டாள். ஹெலன் தானே எத்தனையோ தடவை அதைச் செய்வதை அவள் பிறகு பார்த்தாள். கார் ஓட்டி, பியானோ வாசித்து, கையில் வைர மோதிரம் போட்டிருந்த ஒருத்தி குனிந்து அள்ளிவிட்டு, பேச்சு அறுபடாமல் நடந்துபோனாள். அவளுக்குத் தீட்டும் ஒட்டவில்லை, வெட்கமும் ஒட்டவில்லை. அதே காரியம் தன் கையில் மட்டும் ஏன் கனக்கிறது என்று அமலாவுக்கு விளங்கவில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் "பிள்ளைகள் சௌக்கியம், வேலை லேசு" என்று மட்டும் எழுதினாள்.

பூங்கா வாசலில் ஒரு போர்டு இருந்தது. அரபியில் மேலே, இங்கிலீஷில் கீழே. முதல் வாரம் முழுக்க எழுத்துக் கூட்டி அவள் அதை வாசித்து முடித்தாள். குடியிருப்போர் போகலாம். அவர்களுடைய விருந்தாளிகள் போகலாம். வாரில் கட்டிய நாய்கள் போகலாம். உள்ளே நாய்களுக்கென்று தாழ்வாக ஒரு தண்ணீர்க் குழாய், வேலி போட்ட ஒரு புல்தரை, அங்கே வாரை அவிழ்த்துவிடலாம். பூங்காவின் பின்வாசலிலிருந்து ஒரு நடைபாதை வேலிக்கு வெளியே பாலைவனத்துக்குள் போயிற்று. இரண்டு பக்கமும் வெள்ளையடித்த கற்கள். ஓரமாக ஓர் எண்ணெய்க் குழாய். ஒன்றரை மைல் தூரத்தில் ஒரு சின்னப் பாறைக் குன்று. அங்கே போய்த் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டியது.

ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்கு அன்று லீவு. கிராண்ட் குடும்பம் நாயையும் ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போயிருந்தது. புல்லில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஜாஸ்மினுக்குக் கடிதம் எழுதலாம் என்று அமலா பூங்காவுக்குப் போனாள். வாசல் காவலாளி சுப்பன், ராமநாதபுரம் பக்கத்துக்காரர். தினமும் அவளைப் பார்த்துத் தலையசைப்பவர். அன்றைக்குக் கையை நீட்டி மறித்தார்.

"நாயி எங்க தாயி?"

"இன்னைக்கு நாய் இல்லண்ணே. சும்மா வந்தேன்."

சுப்பன் சங்கடத்தோடு போர்டைப் பார்த்தார். "வேலைக்காரவுக தனியா வந்தா உள்ள விடக்கூடாதுன்னு சொல்லிருக்காக. நாயோட வந்தா விடலாம். புள்ளைகளோட வந்தாலும் விடலாம். ஒத்தையில வந்தா மட்டும் ஆகாதாம். நானே ட்யூட்டி இல்லாதப்ப உள்ள போக முடியாது, பாத்துக்க."

"அப்போ நாய் என்னைக் கூட்டிக்கினு போவுதா?"

"அப்பிடித்தான் வச்சுக்கயேன்."

அமலாவுக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. ஊரில் ஏரிக்கரைமேல் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்த கதையை அப்பா சொல்லியிருக்கிறார். அந்தக் கரையிலும் ஊர் நாய்கள் இஷ்டத்துக்குத் திரியும். ஆனால் அங்கே யாரும் நாய்க்கு அனுமதி உண்டு என்று போர்டு எழுதி வைத்ததில்லை. இங்கே எழுதியே வைத்திருந்தார்கள். எழுதி வைப்பது மேலா, எழுதாமல் இருப்பது மேலா என்று யோசித்துக்கொண்டே அவள் திரும்பி நடந்தாள்.

சில வாரக் கடைசிகளில் அவளையும் ஜீப்பில் ஏற்றிக்கொள்வார்கள். இரண்டு மணி நேரம் ஓடியபிறகு, ரோடே இல்லாத இடத்தில் வண்டி நிற்கும். எல்லோரும் இறங்கி நடப்பார்கள். நாய் முன்னால், பையன்கள் அதன் பின்னால், தொப்பியோடு ஹெலன். கடைசியில் அமலா, நாய்க்கான தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு. முதல் தடவை ஒரு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, எங்கே போகிறோம் மேடம் என்று கேட்டாள். ஹெலனுக்குக் கேள்வி புரியவில்லை. எங்கேயும் இல்லை, நடக்கிறோம், அவ்வளவுதான் என்றாள். அமலா பிறந்ததிலிருந்து நடந்துகொண்டிருப்பவள்தான். தண்ணீருக்கு, விறகுக்கு, நாற்று நட, மாதாகோவிலுக்கு, சாவு வீட்டுக்கு. போய்ச் சேர இடமில்லாமல் ஒருத்தி வெயிலில் நடப்பாள் என்பதும், நாய் அதில் சந்தோஷப்படும் என்பதும் அவளுக்குப் புதிது. ரஸ்டியைப் பார்க்கப் பார்க்கக் குழப்பம் கூடியது. மணலில் மூக்கை வைத்துக்கொண்டு, பெரிய உத்தியோகம் பார்க்கிறவன் மாதிரி அவன் அத்தனை கவனமாகப் போவான்.

தொண்ணூறில் குவைத்துக்குள் சண்டை புகுந்தது. அடுத்த ஜனவரி பிறந்ததும் வளாகத்தில் வீடு வீடாகக் கார்கள் கிளம்பின. ஹெலன் இரண்டு பையன்களோடும் நாலு பெட்டியோடும் விமான நிலையத்துக்குப் புறப்பட்டாள். கிளம்பும்போது ரஸ்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டே வாரம், திரும்பி வந்துவிடுவோம், நடையை மட்டும் நிறுத்திவிடாதே என்று அமலாவிடம் சொன்னாள். அமலாவைக் கட்டிக்கொண்டும் அழுதாள். நீ என்ன செய்யப்போகிறாய் என்று கேட்க நினைத்தவள்போல வாயைத் திறந்தாள். அதற்குள் கார் ஹாரன் அடித்தது.

கிராண்ட் துரை மட்டும் தங்கினார். அவரும் பெரும்பாலும் வேலையிடத்திலேயே படுத்துக்கொண்டார். வீட்டில் அமலாவும் ரஸ்டியும். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். சாயங்காலங்களில் சைரன் ஊதும். ராக்கெட் வருகிறது, கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று ரேடியோ சொல்லும். விஷப்புகைக்கு முகமூடி கொடுப்பதாகச் சொன்னார்கள். வேலைக்காரர்களுக்கு நாளை வரும், நாளை வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமலா குளியலறைக் கதவின் அடியில் ஈரத்துண்டைச் செருகிவிட்டு, தொட்டிக்குள் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினாள். ரஸ்டி உடம்பெல்லாம் நடுங்கியபடி தொட்டிக்குள் ஏறி அவள் மடியில் தலையை வைத்தான். வயிற்றில் பதினாலு இடமும் கூசியது. தள்ளிவிடக் கை போயிற்று, தள்ளவில்லை.

"சும்மா கெட. எனக்கு மட்டும் பயமா இல்லியா?" என்று அவனைத் திட்டினாள். வீட்டில் வேறு யாரும் இல்லாததால் அவனிடம் அவள் தமிழ்தான் பேசினாள்.

ஆளில்லாத பூங்காவுக்கு விடிந்ததும் இருவரும் போனார்கள். ஒருநாள் சுப்பன் வாசலில் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இனிமே நாயி இல்லாம வந்தாலும் உள்ள போ தாயி. கேக்க எவன் இருக்கான்? தொரைமாருக எல்லாம் பறந்துட்டாக."

அமலா பூங்காவைப் பார்த்தாள். ஊஞ்சல் காற்றில் தானாக ஆடியது. இரண்டரை வருஷமாக அவள் ஆசைப்பட்ட இடம். இப்போது யாரும் வேண்டாமென்று விட்டுப்போன பிறகு, உள்ளே வா என்கிறார்கள். அவளுக்கு ஏனோ தனியாகப் போகத் தோன்றவில்லை. "இருக்கட்டும்ணே" என்று சொல்லி, வாரை இன்னும் ஒரு சுற்றுக் கையில் சுற்றிக்கொண்டாள்.

மார்ச்சில் சண்டை முடிந்ததாகச் சொன்னார்கள். ஆனால் குவைத்தில் எண்ணெய்க் கிணறுகள் எரிந்துகொண்டிருந்தன. ஒருநாள் பதினொரு மணிவாக்கில் அமலா ரஸ்டியோடு குன்றுவரை போய்த் திரும்பிக்கொண்டிருந்தாள். வடக்கிலிருந்து மேகம் மாதிரி ஒன்று வந்தது. மழை என்று நினைத்து அண்ணாந்தாள். மேகம் கறுப்பாக, சூரியனுக்கு மேல் போர்வையை இழுத்த மாதிரி மூடிக்கொண்டது. நடுப்பகலில் விளக்கு வைக்கிற இருட்டு. மூக்கில் மண்ணெண்ணெய் நெடி. வெள்ளைக் கற்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. வளாகத்தின் வேலியும் தெரியவில்லை, குன்றும் தெரியவில்லை. உலகம் முடிகிற நாளில் சூரியன் கறுக்கும் என்று சாமியார் பிரசங்கத்தில் சொன்னது நினைவுக்கு வந்தது. நின்ற இடத்திலேயே இரண்டு தடவை சுற்றிப் பார்த்ததுதான் தப்பு. எந்தப் பக்கம் பார்த்து நடந்துவந்தாள் என்பதே மறந்துபோயிற்று.

எண்ணெய்க் குழாய் கையில் தட்டுப்பட்டது. இதைப் பிடித்துக்கொண்டே போனால் வளாகம் வந்துவிடும் என்று கையை அதன்மேல் வைத்தபடி நடந்தாள். ரஸ்டி எதிர்ப்பக்கமாக இழுத்தான்.

"இந்தாண்ட வாடா. உனக்கு இன்னா தெரியும்?"

அவன் உட்கார்ந்துகொண்டான். அவள் இழுத்தாள். அவன் முனகிக்கொண்டே பத்தடி வருவான், மறுபடி உட்காருவான். இப்படியே இழுபறியாக எவ்வளவு தூரம் போனார்களோ. திடீரென்று இரண்டு மஞ்சள் விளக்குகள் தெரிந்தன. தண்ணீர் லாரி ஒன்று மெதுவாக ஊர்ந்து வந்து நின்றது. ஓட்டுநர் ஏமன் தேசத்துக் கிழவர். அவர் பேசிய அரபியில் வளாகத்தின் பெயரை மட்டும் அவள் பிடித்துக்கொண்டு, முன்னால் கை காட்டினாள். கிழவர் தலையில் அடித்துக்கொண்டு பின்பக்கம் கை காட்டினார். அவள் வளாகத்தை விட்டு விலகிக் குன்றையும் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்க்கொண்டிருந்தாள். நாய் சொன்னதுதான் சரி.

லாரியில் ஏற்றிக்கொண்டுவந்து விட்டார். அமலாவின் முகமும் ரஸ்டியின் முதுகும் ஒரே கறுப்பு. குளியலறையில் முதலில் அவனைத்தான் குளிப்பாட்டினாள். சோப்பு நுரையெல்லாம் கறுப்பாக வழிந்தது. அன்று அவள் கை அவன் வாய்க்குள்கூடப் போய் வந்தது. பயம் எப்போது போயிற்று என்று அவளுக்குத் தெரியாது.

ஏப்ரலில் கிராண்ட் துரைக்கு மாற்றல் வந்தது. ஹெலன் திரும்பி வரப்போவதில்லை. ரஸ்டியை அனுப்பிவைக்க மரக்கூண்டு வந்தது, டாக்டர் சர்ட்டிபிகேட் வந்தது, ஏழெட்டுக் காகிதங்களில் அவன் போட்டோ ஒட்டியிருந்தது. விமானத்தில் அவனுக்கு இடம் உடனே கிடைத்துவிட்டது. அமலாவின் டிக்கெட் கம்பெனி ஆபீசில் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. கூண்டுக்குள் போகாமல் அடம்பிடித்தவனை, "வாடா, உள்ள போடா கண்ணு" என்று அவள்தான் ஏற்றினாள். கம்பிக்குள்ளிருந்து அவள் விரலை நக்கினான். வண்டி போன பிறகு வார் அவள் கையிலேயே இருந்தது. அதைக் கொடுத்தனுப்பியிருக்க வேண்டும். துரையிடம் நீட்டினாள். நீயே வைத்துக்கொள் என்று சொல்லிவிட்டு அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

ஜூன் மாதம்தான் அமலா மீனம்பாக்கத்தில் வந்து இறங்கினாள். ராஜாமணி ஒரு பழைய டாக்சியோடு வந்திருந்தான். கூட ஜாஸ்மின். ஒன்பது வயதுப் பெண், அம்மாவைப் பார்த்து அப்பாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். ஒரு மாதத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூரில் தேர்தல் கூட்டத்தில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தப் பக்கத்து ரோடுகளிலெல்லாம் போலீஸ் நின்றது. படப்பை தாண்டியதும் டாக்சியை ஓரங்கட்டச் சொன்னார்கள். பெட்டியை இறக்கி ரோட்டில் வைத்தார்கள். மோப்ப நாய் ஒன்று வந்து, பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அதன் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டது.

வெடிமருந்து வாசனை பட்டால் அப்படி உட்காரப் பழக்கிய நாய் அது. எல்லோரும் இரண்டடி பின்வாங்கினார்கள். ராஜாமணி ஜாஸ்மினைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

"ஏய், பெட்டில இன்னா கீது? உண்மைய சொல்லு" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"துணிங்க சார். பேரீச்சம்பழம். சோப்பு."

"அதுக்கு நாய் ஏன் குந்துது?"

அமலா பதில் சொல்லாமல் முன்னால் வந்து குனிந்து, புறங்கையை நாயின் மூக்கருகே நீட்டினாள். யாரும் தடுப்பதற்குள் அது நடந்துவிட்டது. நாய் முகர்ந்தது, நக்கியது, வாலை ஆட்டிக்கொண்டு தரையில் படுத்துப் புரண்டது. அதைப் பிடித்திருந்த காவலருக்கு அவமானமாகப் போயிற்று. "எழுந்திரு, எழுந்திரு" என்று வாரை இழுத்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். துணிகளுக்கு அடியில், பழைய பனியனில் சுற்றி, ரஸ்டியின் தோல் வார் இருந்தது. செங்கல் நிற மயிர் இன்னும் ஒட்டியிருந்தது.

"இத்த எதுக்குமா எடுத்துக்கினு வந்த?"

"தெர்ல சார்."

"வெளிநாடு போய்ட்டு எல்லாரும் டேப்ரெக்கார்டர் கொண்டாருவாங்க" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். சிரிப்பதா சந்தேகப்படுவதா என்று தெரியாமல், பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டு அனுப்பினார்.

டாக்சி கிளம்பிய பிறகு ராஜாமணி மெதுவாகக் கேட்டான். "புள்ளை பாத்துக்கற வேலைன்னுதானே லெட்டர்ல எழுதுன?"

"வேலை லேசுன்னுதான் எழுதுனேன்."

பிறகு நாயைப் பற்றியும் பூங்காவைப் பற்றியும் அமலா சொன்னாள். ஜாஸ்மின்தான் முதலில் அவளருகே நகர்ந்துவந்தாள். "அந்த நாய் எம்மாம் பெருசு? கடிக்குமா? நாய்க்குன்னு பார்க்கா கீது? சீசா இருக்குமா?" வீடு வரும்வரை கேள்விகள் ஓயவில்லை. சீசா இல்லை, தாழ்வான குழாய் இருந்தது என்று சொன்னதற்கு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படியே காலனி முழுக்கச் செய்தி பரவியது. அமலா வெளிநாட்டில் நாய் மேய்த்தாள்.

மறுநாள் காலையில் மண்ணாங்கட்டி வந்தார். வாசலில் நின்றபடியே கேட்டார்.

"நாய் வெளிய போனா யாரு எடுப்பாங்க?"

அமலா பொய் சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. "நான்தான் நைனா. அந்தம்மா இருந்தா அந்தம்மாவும் எடுக்கும்."

"அந்தம்மாவுமா?"

"ஆமா. கைல மோதிரம் போட்டுக்கினு."

அவர் அதை நம்பாதவர்போலப் பார்த்தார். "அது அவங்க நாய், அவங்க எடுப்பாங்க. உனக்கு இன்னா தலையெழுத்து? நான் ஆறு மாசம் உப்பு இல்லாம துன்னது இதுக்கா?" அமலாவுக்கு அழுகை வந்தது. ஆனால் சொல்ல வேண்டியதும் வந்தது.

"குண்டு போடறப்போ என்கூட யாரும் இல்ல நைனா. அது ஒன்னுதான் இருந்துச்சு. அது இல்லாட்டி நான் வழி தெரியாம மணல்ல செத்திருப்பேன். அதுக்கு எடுத்துப் போட்டதுல எனக்கு வெக்கமா இல்ல. மொதல்ல இருந்துச்சு, அப்புறமா இல்ல. இது சரியா தப்பா, நீயே சொல்லு."

மண்ணாங்கட்டி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இரண்டு நாள் அந்தப் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வரும் வழியில் அவளோடு நடந்தபடி, "அதும் பேரு இன்னா சொன்ன?" என்று கேட்டார்.

"ரஸ்டி."

"ரஸ்டியா? அப்டின்னா?"

"துருவாம் நைனா. இரும்புத் துரு."

"நாய்க்குத் துருன்னா பேரு வைப்பாங்க?" என்றார். தன் பெயர் மண்ணாங்கட்டி என்பது அவருக்கு அந்த நேரத்தில் தோன்றியதாகத் தெரியவில்லை. அமலா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அதற்கப்புறம் அவர் அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. மன்னித்தாரா, விட்டுவிட்டாரா என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

நவம்பரில் ஹெலனிடமிருந்து கடிதம் வந்தது. ஜாஸ்மின் எழுத்துக் கூட்டினாள், அமலா பொருள் சொன்னாள். வெறிநோய்க்குப் பயந்து ஸ்காட்லாந்தில் ரஸ்டியை ஆறு மாதம் தனியாக அடைத்து வைத்திருந்தார்களாம். இப்போதுதான் வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். பையன்கள் கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, இங்கிலீஷ் மறந்துபோன மாதிரி இருக்கிறான், நீ அவனிடம் என்னென்ன சொல்வாயோ தயவுசெய்து எழுதி அனுப்பு என்று ஹெலன் கேட்டிருந்தாள். கடைசியில் இன்னொன்றும் இருந்தது. அவள் கணவருக்கு மஸ்கட்டில் வேலை. அங்கேயும் மலையோரம் அழகான நடைபாதைகள் இருக்கின்றன, நாய்களை அனுமதிக்கிறார்கள். ரஸ்டியும் வருகிறான். நீயும் வருவாயா?

"போ. சம்பளம் ஜாஸ்தியாத்தான் குடுப்பாங்க" என்றான் ராஜாமணி. அவனுக்கு அப்போது ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலை கிடைத்திருந்தது. சொல்லிவிட்டு, "வாணாம்னா வாணாம்" என்றும் சொன்னான்.

அமலா மூன்று நாள் யோசித்தாள். நாயை நினைத்தால் போகலாம் என்றிருந்தது. போர்டை நினைத்தால் வேண்டாம் என்றிருந்தது. ஜாஸ்மின் இப்போதுதான் அவள் பக்கத்தில் படுக்கிறாள். அப்பாவின் முகமும் குறுக்கே வந்தது. ஒன்றையொன்று வெட்டிக்கொண்டதே தவிர, முடிவு என்று எதுவும் வரவில்லை. கடைசியில் ஜாஸ்மினை எழுதச்சொல்லி, "வா, உக்காரு, சும்மா கெட, போதும்" ஆகிய சொற்களை இங்கிலீஷ் எழுத்தில் அனுப்பினாள். வருகிறேன் என்றும் எழுதவில்லை, வரவில்லை என்றும் எழுதவில்லை.

டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் ரோட்டில் புதிதாகத் திறந்த தையல் கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். அமலா போய் நின்றாள், சேர்த்துக்கொண்டார்கள். சட்டைக் காலர் தைக்கும் லைன். காலையில் ஆறே முக்காலுக்குக் கம்பெனி வேன் ஒரகடம் கூட்டுரோட்டுக்கு வந்துவிடும்.

முதல் நாள் வேனுக்குக் காத்திருந்தபோது ராஜாமணி சைக்கிளில் வந்து, அவள் மறந்துவிட்ட சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்தான்.

"அப்போ அந்தம்மாகிட்ட போவலன்னே முடிவு பண்ட்டியா?"

"தெர்லயே" என்றாள் அமலா. வேன் வந்து நின்றது. உள்ளே இருந்த பெண்கள் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். தூக்கை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.